செருப்புக்குக் காவல்

எங்கள் வீட்டில் பீச் என்றால் கடல் இல்லை. அது ஒரு ஸ்டேஷன். என் வீட்டுக்காரர் தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியவர். காலையில் போனால் பீச், மதியம் வந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனால் மறுபடியும் பீச். "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால், பேச்சு வந்த வயதிலேயே என் மகன் "பீச்சுக்குப் போயிருக்காரு" என்பான். கேட்டவர்கள், இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லையா என்கிற மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

அந்த ஸ்டேஷனில் கடலே கிடையாது. பலகையில் மட்டும் கடற்கரை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். வெளியே வந்து பார்த்தால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்து மதில், மதிலை ஒட்டிக் கன்டெய்னர் லாரிகள். ஊரிலிருந்து வந்த என் தம்பி ஒருமுறை குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் வாளி எல்லாம் வாங்கிக்கொண்டு, பெயரை நம்பி அங்கே போய் இறங்கிவிட்டான். ஒரு லாரி டிரைவரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறான். அவர் குடிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டியிருக்கிறார்.

கல்யாணமாகி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தாம்பரம் வந்தவள் நான். பாலாற்று மணலைப் பார்த்திருக்கிறேன், அதிலும் தண்ணீரைப் பார்த்தது குறைவு. கடலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. கேட்டால் இவரிடம் ஒரே பதில்தான். "நான் தினமும் பீச்சுக்குத்தானே போறேன், உனக்கு இன்னும் என்ன பீச்சு?" முதல் தடவை சிரித்தேன். அப்புறம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். இவருக்கு மட்டும் அந்தச் சிரிப்பு சலிக்கவேயில்லை.

ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு. மணலில் கால் வைத்ததுதான் தாமதம், அப்பாவும் பிள்ளையும் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்க்க ஓடினார்கள். எங்கள் ஜனங்கள் கடலில் நீந்தப் போவதில்லை, கால் நனைக்கத்தான் போகிறார்கள். கால் நனைக்க வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய செருப்பை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது எந்தக் குடும்பத்திலும் அம்மாதான். எந்தக் கடற்கரைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஈரமணலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், செருப்புக் குவியலுக்கும் புளிசாதப் பைக்கும் நடுவில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள். அலையைப் பார்த்தபடிதான் இருப்பாள். அலை அவளிடம் வராது.

நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இருட்டிவிட்டது, மகனுக்குத் தூக்கம் வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு இவர் சொன்னார்: "அடுத்த தடவை நீ போ. செருப்பை நான் பாத்துக்கறேன்."

அடுத்த தடவை வரவேயில்லை. டியூட்டி, லீவு கிடைக்காது, மகனுக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு. ரிட்டயர் ஆனதும் பார்க்கலாம் என்றார். ரிட்டயர் ஆனார். அந்த வருஷமே பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று.

பேச்சு போயிற்று என்றால் முழுக்கப் போகவில்லை. ஒரு வார்த்தை மட்டும் மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் என்னைப் பார்த்து, கோணிய வாயால், "பீச்" என்றார்.

காபி வேண்டுமா என்றால் பீச். வலிக்கிறதா என்றால் பீச். பேரனை மடியில் வைத்தால் அவனுக்கும் பீச். மூளையில் ரத்தம் அடைத்த இடத்தில் மற்ற வார்த்தைகள் மாட்டிக்கொண்டன, இது எப்படியோ தப்பிவிட்டது, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் சில நேரம் இவர் அதைச் சும்மா சொல்வதில்லை. இடது கை விரலால் என் மாரில் குத்திக் குத்திச் சொல்வார். பீச். பீச். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஒரு ரயில்காரர் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்? டியூட்டி நினைவு என்று நினைத்தோம். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டிய மனுஷன், வண்டியைப் பார்த்தால் தேறிவிடுவார் என்று மகன் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, தாம்பரத்தில் நாலு பேரைப் பிடித்துத் தூக்கி ஏற்றி, லோக்கல் வண்டியில் பீச் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் இவர் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. கடைசி ஸ்டேஷனில் இறக்கி, பலகைக்கு எதிரில் நிறுத்தி, "பாருங்கப்பா, உங்க பீச்சு" என்றான் மகன். இவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்து, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி "பீச்!" என்று கத்தினார்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை பேரைக் கெஞ்சிக் கூத்தாடி இங்கே கொண்டுவந்திருக்கிறோம், இன்னும் என்ன வேண்டும் என்று நானும் கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், பிசியோதெரபி கற்றுத்தர வரும் பெண்ணிடம் காலைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவள் பிடித்தால் உதறினார். "இப்ப நடக்கலேன்னா கால் அப்படியே இறுகிடும் ஆன்ட்டி, அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்லை" என்று அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். மனுஷன் நடப்பதை விட்டுவிட முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வீம்பை உடைக்க என்னிடம் எதுவும் இல்லை.

புரிந்தது குளியலறையில். ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். சாக்கடைத் துளையில் முடி அடைத்திருந்ததால் தண்ணீர் கணுக்கால் வரை தேங்கிவிட்டது. அடைப்பை எடுக்கக் குனிந்தேன். இவர் என் தோளைத் தட்டினார். இடது கையால் லுங்கியை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இடது காலால் அந்தத் தண்ணீரை மெல்ல அளைந்தார். லுங்கியை விட்டுவிட்டு, விரலை நீட்டி என் மாரில் குத்தினார். "பீச்" என்றார்.

கடல். மனுஷன் இத்தனை மாதமாகக் கடலைச் சொல்லியிருக்கிறார். உலகத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற அர்த்தம் எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மெரினாவில் மாற்றுத் திறனாளிகளுக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள், அங்கே போகலாமே என்று மகன் சொன்னான். அவ்வளவு தூரம் அந்த நெரிசலில் இவரால் உட்கார முடியாது. ரயிலை இவர் இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற கடல், ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துக் கடல்தான். தெருமுனை ஆட்டோக்காரத் தம்பியிடம் சொன்னேன். வார நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்து, வாக்கரைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி ஈ.சி.ஆரில் ஏறினோம். கடல் வாசனை ஆட்டோவுக்குள்ளேயே வந்துவிட்டது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடலைப் பார்த்துப் போகிற முதல் தெருவில் திரும்பினோம். நல்ல தார் ரோடு, இரண்டு பக்கமும் மாளிகைகள், நேர் கோடியில் நீலமாய் ஒரு துண்டுக் கடல். அதற்கு முன்னால் இரும்புக் கேட். கேட்டுக்கு முன்னால் நீலச் சட்டை போட்ட காவலாளி, என் வயசு இருக்கும்.

"எந்த வூட்டுக்கு வந்துகீறீங்க?" என்றார்.

"வீட்டுக்கு இல்லைங்க. கடலுக்கு."

"வூட்டு நம்பர் சொன்னாத்தான் உள்ள உட முடியும்மா."

"கடலுக்கு ஏதுங்க நம்பர்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பிரைவேட் பீச்சு இது. போர்டு பாருங்க."

போர்டு இருந்தது. கடலைத் தனியார் என்று எழுதி ஆணி அடித்திருந்தார்கள். யாருடைய அப்பன் வீட்டுக் கடல் என்று எனக்குத் தலைக்கு ஏறியது. உடம்பு முடியாதவர், கால் நனைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவோம் என்று பொறுமையாகவே சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. உள்ளே ஒரு பையன் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கடல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். நாய் கழுத்து வரை நனைந்திருந்தது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. காலெல்லாம் ஈரமணல்.

நாய்க்குத் தினமும் கால் நனைகிறது. நாய் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது வாயில்லா ஜீவன். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் வாயில்லா ஜீவன்தான். "அந்த நாய் எந்த நம்பர் வீடுங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் மாளிகையின் மாடியில் ஒரு திரை விலகி மறுபடி மூடிக்கொண்டது. இந்த ஊரில் ஏரியை மூடிப் பிளாட் போட்டார்கள், சரி. வயலை மூடி வில்லா கட்டினார்கள், சரி. கடலை மூட முடியாது என்று நினைத்திருந்தேன். கடலை மூட வேண்டியதில்லை, தெருவை மூடினால் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். படித்தவர்கள் இல்லையா!

காவலாளி ஆட்டோ பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னாக்கா என்னாண்ட கத்தினு கீற? நானே கடலோரத்துல பொறந்தவன். வூட்டை இடிச்சிட்டு எங்களையெல்லாம் பெரும்பாக்கத்துல கொண்டாந்து போட்டுட்டாங்க. இப்ப நானே அந்தாண்ட போவக்கூடாது. போனா வேலை பூடும்."

என் கோபத்துக்கு அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கேட் போட்டவன் எங்கோ ஏ.சி.யில் இருக்கிறான். கேட்டில் நின்று என்னிடம் வசவு வாங்குவதற்குக் கடலை இழந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிறான். நான் அந்தக் காலத்தில் செருப்புக்குக் காவல் இருந்தேன், இந்தக் காவலாளி கடலுக்குக் காவல் இருக்கிறார். இரண்டு பேருக்கும் கால் நனையவில்லை.

அடுத்த தெருவிலும் கேட். அதற்கு அடுத்ததில் கேட் இல்லை, கடலை ஒட்டி ஒரு ஹோட்டல் இருந்தது. வாசலில் நின்ற பெண் சிரித்த முகத்தோடு, "டேபிள் புக் பண்ணியிருக்கீங்களா ஆன்ட்டி?" என்றாள். இவருடைய கோணிய வாயைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கழன்றது. வாயில் வந்த கெட்ட வார்த்தையை அடக்கிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். இவர் மறுபடியும் முதுகை வளைத்துக்கொண்டு ஆட்டோவின் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிளாட்பாரத்தில் பார்த்த அதே முகம். இன்றைக்கும் இப்படியே திரும்பினால் இந்த மனுஷன் இனி கட்டிலை விட்டு எழ மாட்டார் என்று பயந்தேன்.

"குப்பத்து வழியா போலாம்க்கா. அவங்க தடுக்க மாட்டாங்க" என்று ஆட்டோவைத் திருப்பினார் தம்பி.

மீனவர் குப்பத்துச் சந்து குறுகல். இரண்டு பக்கமும் வலை, நடுவில் கோழி, கோடியில் கடல், முழுசாக. ஆனால் சந்தின் வாயிலேயே இரண்டு இரும்புக் கம்பங்கள் புதிதாக நட்டிருந்தார்கள். அடியில் சிமென்ட் இன்னும் காயவில்லை. ஆட்டோ அவற்றுக்கு நடுவே நுழையாது. ஓரத்தில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவிடம் இது எதற்கு என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? கேட்டு மாட்டத்தான்" என்றார் அவர், அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு பக்கத்து மனையும் ஒருத்தரே வாங்கிட்டாராம், வழியும் அவருதாம். ராவோட ராவா நட்டுட்டுப் பூட்டாங்க. நாங்க கத்தினுதான் கீறோம்." அப்புறம் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். "வண்டி போவாதுக்கா. அண்ணன் நடந்துதான் போவணும்."

"அவரால நடக்க முடியாதும்மா" என்றேன்.

நான் சொல்லி முடிக்கவில்லை. இவர் இடது காலை ஆட்டோவுக்கு வெளியே நீட்டிவிட்டார். வலது காலையும் இடது கையால் எடுத்து வெளியே போட்டுவிட்டு, ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஓடிப் பிடித்தோம். வாக்கரை முன்னால் வைத்தால் மணலில் புதைந்தது. இவர் அதைத் தள்ளிவிட்டார். கட்டிலை விட்டு எழ மறுத்த மனுஷன், தம்பியின் தோளில் தொங்கிக்கொண்டு, வலது காலை மணலில் கோடு கிழித்தபடி இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் செருப்பு மணலில் மாட்டியது. குனிந்து இரண்டையும் கழற்றி, பழக்கதோஷம், கையில் பிடித்துக்கொண்டேன்.

ஈரமணலுக்கு வந்தோம். தம்பி இவரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அலை வந்து இவருடைய இரண்டு காலையும் மூடிவிட்டுத் திரும்பியது. வலது காலைக் காட்டி, "தெரியுதாங்க?" என்றேன். இல்லை என்று தலையசைத்தார். அதற்காகத்தானே இவ்வளவு பாடு என்று நினைத்தேன். ஆனால் இவர் தன் காலைப் பார்க்கவேயில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலைக்கு ஓர் அடி பின்னால், செருப்போடு, காய்ந்த மணலில் நின்றுகொண்டிருந்தேன்.

இடது கையை நீட்டினார். என் கையிலிருந்த தன் செருப்பைப் பிடுங்கினார். பிடுங்கித் தன் மாரோடு அணைத்துக்கொண்டார். அப்புறம் என் செருப்பைப் பார்த்து, அதையும் கொடு என்பது போலத் தலையை ஆட்டினார்.

"நீ" என்றார். இவர் வாயிலிருந்து வந்த இரண்டாவது வார்த்தை. "நீ... பீச்."

இத்தனை மாதம் என் மாரில் குத்திக் குத்திச் சொன்னது என்னைக் கூட்டிக்கொண்டு போ என்பது இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பது. பஸ்ஸில் சொன்ன வார்த்தையை நான்கூட மறந்துவிட்டேன். ரத்தம் அடைத்த மூளையில் எல்லா வார்த்தையும் போனபோது இவர் அதை மட்டும் விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "கால் நல்லா இருந்தப்ப என்ன கேடு வந்துச்சு உங்களுக்கு? இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று அந்தக் கடற்கரையே கேட்கும்படி கத்தினேன். ஆட்டோக்காரத் தம்பி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். இவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். பழைய சிரிப்பு, தினமும் பீச்சுக்குத்தானே போகிறேன் என்கிற அதே சிரிப்பு. செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அலை திரும்பும்போது காலுக்கடியில் மணல் ஓடுகிறது, கீழே விழப்போகிற மாதிரி இருக்கிறது, விழுவதில்லை. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இவருக்கு வலது காலில் அது தெரியவில்லை என்பதால், ஒவ்வொரு அலைக்கும் எப்படி இருக்கிறது என்று நான் வாயால் சொன்னேன். இவர் செருப்புகளை அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது பிசியோதெரபி பெண் வந்தால் இவரே காலை நீட்டுகிறார். வாரம் ஒரு தடவை அந்தச் சந்துக்குப் போகிறோம். கம்பத்துச் சிமென்ட் காய்ந்துவிட்டது. போன வாரம் கேட்டும் வந்து இறங்கியிருக்கிறது, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், இன்னும் மாட்டவில்லை. குப்பத்து ஜனங்கள் அதன் மேல் வலை காயப்போட்டிருக்கிறார்கள். மாட்டட்டும். மாட்டி, நீலச் சட்டையில் இன்னொரு பாவப்பட்ட மனுஷனையும் கொண்டுவந்து நிறுத்தட்டும். எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. இவரை முன்னால் நிறுத்துவேன். இவர் பதில் சொல்லட்டும், அந்த ஒரு வார்த்தையில்.